பதினேழு பெயரில்லாப் பொத்தான்கள்

போன மாதம் ஒருநாள் காலை என் போன் வரிசையாகப் பதினேழு முறை "அன்லேபிள்டு, பட்டன்" என்று சொன்னது. பெயரில்லாத பொத்தான் என்று பொருள். எனக்குப் பார்வை மிகக் குறைவு, திரையில் இருப்பதைப் போன்தான் படித்துச் சொல்லும். எண்ணிக்கையில் தவறில்லை. திரையின் மேலிருந்து கீழ்வரை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன். சுமை வண்டி பிடிக்கும் செயலி அது. இரண்டு ஆண்டுகளாக என் விரலுக்கு மனப்பாடம். நான்காவது தள்ளலில் "எங்கிருந்து", ஐந்தாவதில் "எங்கே", எட்டாவதில் "பதிவு செய்க". இரவோடு இரவாகப் புதுப்பித்துவிட்டார்கள். எழுத்துகளை எடுத்துவிட்டுச் சின்னச் சின்னப் படங்களாக வைத்திருக்கிறார்களாம். "பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது மாமா" என்றான் அக்கா மகன். இருக்கும். நானூறு சதுர அடித் தரைக்கல் வைக்கோல் வைத்து அடுக்கி வாசலில் கிடக்கிறது. கோயம்புத்தூரில் கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

இருட்டில் கையை விட்டுத் துழாவுவது எனக்குப் புதிய வேலை இல்லை. ஆனால் ஒரு பொத்தான் வண்டியை வரவழைக்கும், பக்கத்துப் பொத்தான் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றால் துழாவ மனம் வராது. பழையபடி காரைக்குடியில் தெரிந்த டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டு, முந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து அனுப்பினேன். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் ஊர் ஆத்தங்குடி. தொழில், ஊர்ப் பெயரிலேயே விற்கிற அந்தப் பூப்போட்ட தரைக்கல் செய்வது. அப்பா தொடங்கிய பட்டறை, இப்போது என் பொறுப்பு. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கணக்கு, ஆர்டர், வசூல், சண்டை எல்லாம் நான். கண்ணாடியில் கை வைப்பது அவர்கள்.

கண்ணாடி என்றேன், அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லுக்கு அடிப்படையே ஒரு கண்ணாடித் துண்டுதான். அதைத் தரையில் வைத்து, அதன்மேல் தகர அச்சை வைப்போம். அச்சில் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமெண்டுக் கூழைக் கரண்டியால் ஊற்ற வேண்டும்: இதழுக்குச் சிவப்பு, கொடிக்குப் பச்சை, ஓரத்துக்கு மஞ்சள். அச்சை ஆடாமல் நேராக மேலே தூக்கினால் நிறங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், கலந்துவிடாது. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையைக் கொட்டி மட்டம் தட்டுவோம். இறுகிய பிறகு தண்ணீரில் போட்டுக் கண்ணாடியைக் கழற்றினால், கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் ஏறியிருக்கும். பூவும் கொடியும் கண்ணுக்கு மட்டும்தான். உள்ளங்கையால் தடவினால் தாமரையும் ஒன்றுதான், ஓரக்கோடும் ஒன்றுதான். ஆகவே, வழுக்குகிற பரப்புக்கு அடியில் இருக்கும் படத்தைக் கையால் தேடுகிற கதை எனக்குத் தொடுதிரை வந்த பிறகு தொடங்கியது இல்லை.

சின்ன வயதில் மாலைக்கண் என்றார்கள். விளக்கு வைத்த பிறகு திண்ணைத் தூணில் முட்டிக்கொள்வேன். அம்மா முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் மாற்றி மாற்றிப் போட்டாள். வைட்டமின் ஏ குறைந்து வரும் மாலைக்கண்ணுக்கு அது மருந்து. என்னுடையது வேறு. 1995-இல் மதுரையில் பார்த்த டாக்டர் "ஆர்.பி." என்று இரண்டே எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தைப் பார்க்கும் செல்கள் முதலில் போகும், பிறகு பக்கவாட்டுப் பார்வை போகும், கடைசியில் ஊதுகுழல் வழியாகப் பார்ப்பது போல நடுவில் ஒரு வட்டம் நிற்கும். அப்பா கட்டியது சொந்த அத்தை மகளை. இருவர் உடம்பிலும் ஒரே குறை ஒளிந்திருந்தது. அப்படி இருந்தால் பிள்ளைக்கு வருவது நான்கில் ஒரு வாய்ப்பு. அக்காவுக்கு ஒன்றுமில்லை. எனக்கு இன்று 49 வயது; வலக்கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும், இடக்கண்ணில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஜன்னல்.

பொத்தான் போன் இருந்த காலத்தில் இது பெரிய தொல்லையாக இருக்கவில்லை. 5 என்ற எண்ணின் மேல் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். அதைக் கட்டைவிரல் கண்டுபிடித்துவிட்டால் மற்ற எண்கள் தாமாக வந்து நிற்கும். நோக்கியா போனில் பிற்பாடு ஒரு நண்பர் "டாக்ஸ்" என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். குறுஞ்செய்தியை ஆங்கிலத்தில் படித்துக் காட்டும். அதுவே அரச போகமாக இருந்தது. 2013-இல் அந்த போன், கல் ஊறப்போடும் தொட்டியில் விழுந்தது. எடுத்து அரிசிக்குள் புதைத்து வைத்தோம். அரிசிதான் வீணானது.

கடையில் பொத்தான் போன் கேட்டேன். பேசுகிற பொத்தான் போன் இனி வராது என்றார் கடைக்காரர். அந்தச் சொல் என் வயிற்றில் கல்லைப் போட்டது. கையில் கொடுத்ததைத் தடவிப் பார்த்தேன். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. புடைப்பு இல்லை, பள்ளம் இல்லை. கீறலாவது இருக்கக் கூடாதா என்று தேடினேன்.

அக்கா மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அமைப்புகளுக்குள் போய் எதையோ தட்டினான். போன் பேச ஆரம்பித்தது. அதன் பிறகு அவனால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. தட்டினால் திறக்கவில்லை, தள்ளினால் நகரவில்லை. "கெட்டுப்போய்விட்டது மாமா" என்றான் அழாத குறையாக. கெடவில்லை. அது என் கட்சிக்கு மாறியிருந்தது. டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இயங்கும்போது விரல்களின் இலக்கணம் மாறிவிடுகிறது. ஒருமுறை தொட்டால் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான், எதையும் திறக்காது. இரட்டைத் தட்டு தட்டினால்தான் திறக்கும். ஒரு விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த உருப்படி, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும்.

இரட்டைத் தட்டு எனக்கு உடனே படிந்தது. பட்டறையில் காய்ந்த கல்லை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டித்தான் எடுப்பேன். நல்ல கல் கணீர் என்னும். உள்ளே விரிசல் இருந்தால் பொத்தென்று விழும். முதல் தட்டில் சந்தேகம், இரண்டாவதில் முடிவு. தள்ளுவதுதான் வரவில்லை. மெதுவாகத் தள்ளினால் தடவுவதாக எடுத்துக்கொள்ளும், வேகமாகத் தள்ளினால் இரண்டு உருப்படி தாண்டும். ஒரு வாரம் திண்ணையில் உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருந்தேன். மின்சாரம் நின்ற ஓர் இரவில், திரையின் வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டு இருட்டில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். திரை எரிய வேண்டிய தேவை எனக்கு இல்லை, பேட்டரியாவது மிஞ்சும். தெருவில் போன பெரியவர் ஒருவர், நான் ஏதோ ஜபத்தில் இருப்பதாக நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டத்தில் ஒருமுறை அந்த போன் தொலைந்தது. தேங்காய்க் கடையில் ஒப்படைத்திருந்தார்கள். கண்டெடுத்த பையனுக்கு எண்ணைத் தேடிக் கூப்பிடும் நல்ல எண்ணம் இருந்திருக்கிறது. ஆனால் எங்கே தொட்டாலும் பேசுகிறது, எதுவும் திறக்கவில்லை. "பேய் பிடித்த போன் அண்ணே, முதலில் இதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டானாம். இப்போது வருகிற போன்களில் ஒலி கூட்டும் குறைக்கும் விசைகள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் பேச்சு நின்றுவிடும், மறுபடி அழுத்தினால் வரும். முதல்முறை அந்தக் குறுக்குவழியை மட்டும் அமைப்புகளில் அனுமதித்துவிட வேண்டும். பார்வை உள்ளவர்கள் வீட்டில் யாருக்காவது டாக்பேக் போட்டுக் கொடுக்கிறீர்கள் என்றால் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பாதி வீடுகளில் "வேண்டாம், கெட்டுப்போச்சு" என்று நிறுத்திவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கண்ணாடிக்குப் பேச்சு வந்த கதையைப் பிற்பாடுதான் தேடிப் படித்தேன். 2007-இல் முதல் ஐபோன் வந்தபோது அதில் எங்களுக்கு ஒன்றுமே இல்லை. 2009-இல் 3ஜிஎஸ் என்ற மாடலோடு வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் வந்தது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டுக்கு டாக்பேக் வந்தது, ஆனால் கண்ணாடியை விரலால் தடவினால் பேசுகிற வசதி 2011-இல் 4.0 பதிப்பில்தான் சேர்ந்தது. இதற்கு நடுவில் கூகுளில் ஒருவர் செய்த வேலை என்னை அசர வைத்தது. டி. வி. ராமன். புனேயில் பிறந்தவர். 14 வயதில் குளுக்கோமாவால் பார்வை போயிற்று. மும்பை ஐ.ஐ.டி.யிலும் பிறகு அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்து, 1994-இல் முனைவரானவர். வழுக்குகிற கண்ணாடியில் எண்ணை எப்படி அழுத்துவது என்ற கேள்விக்கு அவரும் சக பொறியாளர் சார்ல்ஸ் சென்னும் கண்டுபிடித்த விடை இது: விரல் முதலில் எங்கே படுகிறதோ, அந்த இடம்தான் 5. அங்கிருந்து மேலே இழுத்தால் 2, கீழே இழுத்தால் 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6, இடது மேல்மூலைக்கு இழுத்தால் 1. நாம் 5-ஐத் தேடிப் போக வேண்டியதில்லை, 5 நம் விரலைத் தேடி வந்துவிடும். அந்தப் பழைய புடைப்பின் மேல் கட்டைவிரல் வைத்துப் பழகிய ஒருவருக்குத்தான் இப்படித் தோன்றும். இதைப் படித்த அன்று பட்டறை ஆட்களைக் கூட்டி வைத்து விளக்கினேன். அவர்களுக்கு டீ ஆறியதுதான் மிச்சம்.

என் விரலுக்கு இன்னொரு குறை உண்டு. முப்பது வருடம் பட்டறைச் சிமெண்டில் புழங்கிய விரல். நுனித்தோல் தடித்து, வறண்டு, வெடித்துக் கிடக்கும். தொடுதிரை, தோல் வழியாகப் போகும் மிகச் சிறிய மின்மாற்றத்தை வைத்துத்தான் தொட்டதை உணர்கிறது. காய்ப்புக் காய்த்த தோலைச் சில நேரம் அது ஆளாகவே மதிப்பதில்லை. நான் தட்டுவேன், அது சும்மா இருக்கும். கண்ணுள்ளவர் என்றால் மறுபடி தட்டுவார். எனக்கு, தட்டியது விழுந்ததா, விழுந்து வேறெங்காவது போய்விட்டதா என்ற குழப்பம். ராத்திரி படுக்கும்போது விரல் நுனிகளில் தேங்காயெண்ணெய் தடவுகிறேன். கல்லைப் பளபளப்பாக்கவும் அதே எண்ணெய்தான். ரேஷன் கடைக் கைரேகைக் கருவியும் எங்கள் பட்டறைக் கைகளை லேசில் ஏற்றுக்கொள்வதில்லை, ஆகவே இதில் எனக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது.

பார்வை குறைந்தவர் என்றதும் எல்லோரும் செய்கிற உபகாரம், போனை வாங்கி எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பது. எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு அது சரி. அவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. நேரே பார்த்தால் முகம் தெரியாது, பக்கவாட்டில் தெரியும். எழுத்து பெரிதானால் அந்த ஓரப் பார்வையில் பிடித்துவிடுவார். எனக்கு நேர் எதிர். என் நாணய ஜன்னலில் பெரிய எழுத்து அடங்காது. "கொ" என்ற எழுத்தில் கொம்பு தனியாக வரும், கால் தனியாக வரும், நடுவில் உள்ள "க" வருவதற்குள் வாக்கியம் மறந்துவிடும். எனக்கு வேண்டியது சிறிய, கூர்மையான எழுத்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக. ஒரு கல்யாண வீட்டில் மூன்று பேர் தனித்தனியாக என் போனை வாங்கி எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து குறைத்துக்கொண்டேன். அன்பை என்ன சொல்வது.

தமிழ்க் குரலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆரம்பத்தில் எனக்குக் கிடைத்தது ஈஸ்பீக் என்ற இலவசக் குரல். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து ஒருவர் பாடம் ஒப்பிப்பது போல இருக்கும். இன்று கூகுளின் தமிழ்க் குரல் எவ்வளவோ தேவலை. நான் வேகத்தைக் கூட்டி வைத்திருப்பேன், என் மனைவிக்கு அது என்ன மொழி என்றே விளங்காது. ஆனாலும் அந்தத் தகர டப்பாக் குரலைச் சில நேரம் மனம் தேடத்தான் செய்கிறது. எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் எழுத்து சிதையாது.

சிக்கல் குரலில் இல்லை, நம் ஆட்கள் எழுதுவதில் இருக்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் போன் ஆங்கிலக் குரலுக்குத் தாவிவிடும். சிங்கப்பூரில் இருக்கும் செட்டியார் வீட்டுப் பேரன் ஒருவர், பட்டாசாலைக்கு, அதாவது வீட்டின் பெரிய கூடத்துக்கு, அறுநூறு சதுர அடி கேட்டு எழுதியிருந்தார். "வேணும்" என்பதை அவர் ஆங்கில எழுத்தில் எழுதியதை என் போன் "வெனம்" என்று வெள்ளைக்காரத் துரை மாதிரி படித்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பாம்பின் விஷம் என்று பொருளாம். அறுநூறு சதுர அடி விஷம். முதல் தடவை சிரித்தேன். நாளைக்கு இருபது செய்தி இப்படி வந்தால் சிரிப்பு நின்றுவிடும். பொம்மை முகங்கள் இன்னொரு வகை. நன்றி சொல்ல ஒருவர் பன்னிரண்டு கும்பிடு போட்டிருந்தார். என் பழைய போன் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்த பிறகுதான் கீழே இருந்த வங்கிக் கணக்கு எண்ணுக்கு வந்தது. கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கும்பிடு போதும்.

நான் பதில் எழுதுவது பெரும்பாலும் குரல்வழித் தட்டச்சில். அது தமிழை நன்றாகவே பிடிக்கிறது, எங்கள் தொழில் சொல் வராதவரை. அறையின் சுவரோரம் பதிக்கிற கல்லுக்கு ஓரக்கல் என்று பெயர். ஒருநாள் "ஓரக்கல் இருநூறு" என்று சொல்லிவிட்டு, திரும்பப் படிக்க வைத்துச் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். போனது "ஒரு கல் 200". ஓரக்கல் இருநூறு எண்ணிக்கை தயாராக இருக்கிறது என்று நான் சொன்னதை, ஒரு கல்லுக்கு இருநூறு ரூபாய் கேட்கிறான் என்று வாங்கியவர் எடுத்துக்கொண்டார். தொலைபேசியில் வந்த சத்தத்துக்குத் திரைவாசிப்பான் தேவைப்படவில்லை, பட்டறை முழுக்கக் கேட்டது.

பணத்துக்கு வருவோம். ரொக்கம் என்றால் நான் சமாளித்துவிடுவேன். இப்போதைய நோட்டுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு: நூறு 142 மில்லிமீட்டர், இருநூறு 146, ஐந்நூறு 150. நான்கு நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நோட்டின் ஓரத்தில் நூறுக்கு நான்கு, ஐந்நூறுக்கு ஐந்து என்று புடைப்புச் சாய்கோடுகள் உண்டு. புதுத்தாளில் கைக்குத் தெரியும், நாலு சந்தை சுற்றி வந்த தாளில் தேய்ந்திருக்கும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்ட "மணி" என்ற செயலி, கேமரா முன் நோட்டைக் காட்டினால் எவ்வளவு என்று சொல்லும்; இணையம் வேண்டியதில்லை. கள்ள நோட்டா என்பதை மட்டும் சொல்லாது. அதை என் மனைவி சொல்லிவிடுவாள்.

போனில் பணம் என்பதுதான் பாடு. தொழிலுக்காக ஒரு புதுக் கணக்கு தொடங்கப் போனேன். எந்த வங்கி என்பது வேண்டாம். "வீட்டிலிருந்தே ஐந்து நிமிடத்தில்" என்றார்கள். எல்லாம் படித்தது, எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசியில் கேமரா திறந்தது. அங்கே போன் ஊமையாகிவிட்டது. ஏதோ எழுத்து வருகிறது போலிருக்கிறது, திரைவாசிப்பானுக்கு அது எட்டவில்லை. வெறும் அமைதி. கொஞ்ச நேரத்தில் "சரிபார்ப்பு தோல்வி" என்று வெளியே தள்ளியது. அந்தத் தோல்வியை மட்டும் தெளிவாகப் படித்தது. மூன்று முறை. பிறகு அக்கா மகன் வந்து பார்த்துச் சொன்னான்: திரையில் ஒரு முட்டை வடிவம், அதற்குள் முகத்தை வைக்க வேண்டும், கீழே "கண்ணைச் சிமிட்டவும்" என்று எழுதியிருக்கிறது. நான் அந்த மூன்று முறையும் என் நெற்றியையும் பின்னாலிருந்த வெற்றிலைப் பெட்டியையும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். "இன்னும் இடது, இன்னும் மேலே" என்று ஒரு குரல் சொல்லியிருந்தால் நானே முடித்திருப்பேன். கேமரா செயலியில் அந்த வசதி இருக்கிறது. குழு போட்டோ எடுக்கும்போது இத்தனை முகம் இருக்கிறது என்று சொல்கிற போன், என் ஒரு முகத்தை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லாதா?

இதே முட்டுக்கட்டைதான் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமில வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்த ஒரு பெண்ணால் கண் சிமிட்ட முடியவில்லை என்பதற்காக வங்கிக் கணக்கு மறுக்கப்பட்டது. பார்வையற்ற ஒருவரும் தனியாக வழக்குப் போட்டிருந்தார். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொன்னது: இணையவழிச் சேவை பெறுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அடங்கும், கண் சிமிட்டல் மட்டுமே ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்றாக இருக்கக் கூடாது. மொத்தம் இருபது உத்தரவுகள். அன்று இரவு அந்தச் செய்தியை இரண்டு முறை படிக்க வைத்துக் கேட்டேன். என் கணக்கு அதற்கு முன்பே கிளைக்கு நேரில் போய்த் திறந்ததுதான். காரைக்குடி வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ, துணைக்கு ஓர் ஆள், அரை நாள்.

மறுபடி அந்தப் பதினேழுக்கு வருகிறேன். ஒரு பொத்தானுக்குப் பெயர் வைப்பது செயலி எழுதுபவருக்கு எவ்வளவு பெரிய வேலை என்று அக்கா மகனின் நண்பரிடம் கேட்டேன். அவர் அந்தத் தொழிலில் இருக்கிறார். "ஒரு வரி" என்றார். திரையில் தெரியாத வரி, திரைவாசிப்பானுக்கு மட்டும் கேட்கும். எழுதாமல் விட்டாலும் பொத்தான் வேலை செய்யும், பார்க்கிறவர்களுக்குக் குறை தெரியாது, அதனால் விட்டுப்போகிறது என்றார். எங்கள் பட்டறையிலும் அச்சுகளை அலமாரியில் வைக்கும்போது பெயர் எழுதி வைக்காத ஆள் ஒருவர் இருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும், எதற்கு எழுத வேண்டும்? அவர் திருப்பூருக்குப் போன பிறகு நாங்கள் இரண்டு மாதம் தவித்தோம்.

டாக்பேக்கில் சில பொத்தான்களுக்கு நாமே பெயர் சேர்த்துக்கொள்ளலாம். நான் சேர்த்திருக்கிறேன். ஆனால் வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பது போலத்தான் அது, அவர்கள் உள்ளே மாற்றிவிட்டால் நம் பெயர் போய்விடும். அதனால் இந்த முறை அக்கா மகனை உட்கார வைத்து, எந்தப் பொத்தான் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதினேழையும் வரிசை எண்ணோடு எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். பெயரையும் நானே வைத்துக் கொடுத்துவிட்டேன், அவர்கள் யோசிக்கவும் வேண்டாம். நான்கு நாள் கழித்துப் புதுப்பிப்பு வந்தது. பதினொன்றுக்குப் பெயர் வந்திருக்கிறது. ஐந்து அப்படியே. ஒன்று மட்டும் இப்போது "ஐகான் 3" என்கிறது. எதோ ஒரு பிள்ளை சாயங்காலம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் செய்திருக்கும். பதினொன்றுக்கு நன்றி எழுதினேன். ஆறுக்கு நினைவூட்டல் எழுதினேன்.

இந்த இடைப்பட்ட நாட்களில்தான் பள்ளத்தூர் ஆச்சி வீட்டு வேலை வந்தது. அவர் வீட்டுப் பட்டாசாலையில் மழை இறங்கி முப்பத்தெட்டுக் கல் அமுங்கிவிட்டது. அதே பூவில் வேண்டும். படம் அனுப்பியிருந்தார். ஒரு வார்த்தையும் இல்லை. என் போன் "படம்" என்றது, அவ்வளவுதான். இப்போது போனிலேயே படத்தை விவரிக்கிற செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே என்று அதைக் கேட்டேன். "மரத்தூண்கள் உள்ள கூடத்தில் வண்ணமயமான கம்பளம் விரிக்கப்பட்டிருக்கிறது" என்றது. எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பாராட்டு வேண்டுமா? கம்பளம் இல்லை, தரை. பூவைச் சொல் என்றேன். ஆறு இதழ் என்றது. மறுபடி கேட்டேன், பத்து என்றது. பட்டறையில் மூத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, கறை பிடித்துக் கிடக்கிறது அண்ணே, எட்டு மாதிரித் தெரிகிறது என்றார்.

ஆச்சியையே கூப்பிட்டேன். "படத்தை விடுங்கள் ஆச்சி. அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு எனக்கு வாயால் சொல்லுங்கள்" என்றேன். அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது, சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார் என்பது மூச்சில் தெரிந்தது. நடுவில் எட்டு இதழ் என்றார். அதைச் சுற்றி முறுக்கின கயிறு மாதிரி ஒரு வட்டம், பச்சை. "மூலைக்கு மூலை கால் பூ இருக்கிறது தம்பி. நாலு கல் சேர்ந்தால்தான் அது முழுப் பூ. சின்னப் பிள்ளையில் அந்தப் பூவின் மேல்தான் எனக்குச் சாப்பாட்டு இலை போடுவார்கள்."

கால் பூ என்றதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. பின்கட்டு அலமாரிக்குப் போனேன். அப்பா காலத்து அச்சுகள் கடைசித் தட்டில் இருக்கின்றன. கல்லில் கைக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன் அல்லவா, அச்சு அப்படியில்லை. மெல்லிய தகரச் சுவர்கள், வளைவு வளைவாக. ஒவ்வொன்றாக எடுத்து விரலை விட்டேன். முதலாவதில் சதுரம். இரண்டாவதில் கொடி. ஐந்தாவதில் நடுவில் குழிந்து குழிந்து இதழ். ஒன்றில் நகத்தை ஊன்றிக்கொண்டு சுற்றி வந்தேன், எட்டு. அதற்கு வெளியே இரண்டு தகரம் பின்னிப் போகிற வட்டம். மூலையில் கால் பூ, நாலு மூலைக்கும். ஓரிடத்தில் தகரம் நெளிந்திருந்தது, ஈயம் வைத்துச் சரி செய்ய வேண்டும். துரு விரலில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. அதனால் அன்று சாயங்காலம்வரை போன் என்னை மதிக்கவில்லை.

முப்பத்தெட்டோடு உடைசலுக்கு ஆறு சேர்த்து நாற்பத்துநான்கு போட்டு, ஊறவைத்து, உலர்த்தி, தட்டிப் பார்த்து அனுப்பினோம். நேற்று ஆச்சியிடமிருந்து மறுபடி படம். இந்த முறை கீழே தமிழில் எழுதியிருந்தார், போன் தடங்கலில்லாமல் படித்தது: "தம்பி, கல் பதித்தாயிற்று. பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாம் தூண் பக்கத்தில் ஒரே ஒரு கல்லை மட்டும் திருப்பிப் பதித்துவிட்டார். கொத்தனாருக்குக் கண் நன்றாகத்தான் தெரியும்."